கோடு போடாத வளையம்

திண்டுக்கல்லில், மலைக்கோட்டை தெரியும் ஒரு மாடி வீட்டில், ஜீனத் பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுது பார்த்துவந்தார். சாப்பாட்டு மேசைதான் பட்டறை. அவரிடம் வேலை கற்க வந்தவர் வரதராஜுலு, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். குருவைவிட இருபது வயது மூத்த சீடர்.

வரதராஜுலுவின் சொந்தக் கேமரா ஒன்று, லென்ஸ் வளையம் இறுகிப்போய் வருடக்கணக்கில் முடங்கிக் கிடந்தது.

"அதை நீங்களே சரி பண்ணுங்க சார். அப்புறம் வெளியாட்கள் கேமராவை உங்க கையில கொடுக்கிறேன்" என்று ஜீனத் சொல்லியிருந்தார். அந்த நாளுக்காகத்தான் வரதராஜுலு காத்திருந்தார்.

"தப்பே பண்ணாம வேலை பார்க்க எப்பம்மா வரும்?" என்று அடிக்கடி கேட்பார். "ரயில்வேயில முதல் தப்புதான் கடைசித் தப்பு. அப்படியே பழகிட்டேன்."

ஜீனத் அடுத்த வேலையைக் காட்டுவார். "அந்த ஸ்க்ரூவைக் கழட்டுங்க சார்" என்பார்.

அவர் சொல்லச் சொல்ல வரதராஜுலு செய்தார். ஒரு தப்பும் வரவில்லை. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

ஒருநாள் அந்தக் கேமராவைப் பிரித்தார்கள். லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் வளையங்கள் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று திருகி நின்றன. திருகு மரை தொடங்கும் வாய்கள் பல. பிரியும் இடத்தில் கோடு கிழித்துக்கொண்டால்தான் அதே வாயில் திரும்ப ஏற்றலாம். வேறு வாயில் ஏற்றினாலும் வளையம் சுகமாகத்தான் சுற்றும். படம்தான் கலங்கித் தெரியும்.

வாசலில் சிலிண்டர் வந்தது. ஜீனத் எழுந்து போனார்.

வளையம் அசையவில்லை. வரதராஜுலு கொஞ்சம் அழுத்தித் திருகினார். சட்டென்று அது கழன்று கையோடு வந்துவிட்டது.

ஜீனத் திரும்பி வந்து அவர் முகத்தைப் பார்த்தார். "என்ன சார், ரயிலைத் தவறவிட்டவர் மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

"கோடு போடுறதுக்குள்ள வந்துடுச்சும்மா. நீங்கதான் சரி பண்ணித் தரணும்."

"எனக்குத் தெரியாது சார்."

"விளையாடாதீங்க."

"நிஜமாத்தான். கோடு போடாம நான் எதையும் பிரிச்சதே இல்லை. அப்படிப் பிரிச்சுக் கொண்டு வந்தா திருப்பி அனுப்பிடுவேன். நீங்களே பார்த்திருக்கீங்களே."

பார்த்திருந்தார். வளையங்களைக் கைக்குட்டையில் முடிந்து, கேமராவோடு வீட்டுக்கு எடுத்துப் போனார்.

மறுநாள் காலை மொட்டை மாடியில் உட்கார்ந்தார். ஒரு வாயில் வளையத்தை ஏற்றினார். லென்ஸைப் பூட்டி, ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் டிரேசிங் தாளை ஒட்டி, தூரத்துக் கோட்டையைப் பார்த்தார். தாளில் ஏதோ சாம்பல் மூட்டை தெரிந்தது. கழற்றினார். அடுத்த வாய். மறுபடியும் மூட்டை.

மனைவி கமலவேணி வெயில் படாமல் குடை பிடித்தார். "அத்தனை ரயிலை ஏத்தி அனுப்பினீங்க. ஒரு வளையத்தை ஏத்த முடியலையா?"

"பேசாம குடையைப் பிடி."

காலைகள் கழிந்தன. ஏற்றிய வாயிலேயே மறந்துபோய் மறுபடி ஏற்றினார். பென்சிலால் புள்ளி வைக்கத் தொடங்கினார். கிரீஸ் பட்டுப் புள்ளி அழிந்தது. கண்ணை விட்டு விரலை நம்பினார். வளையத்தைப் பின்பக்கமாக மெல்லச் சுற்றினால், ஒவ்வொரு வாயிலும் துளி அளவு இறங்கியது. அந்த இறக்கங்களை விரல் கற்றுக்கொண்டது.

ஒரு காலை, தாளில் கோட்டைச் சுவர் கீறியதுபோல் தெளிவாக விழுந்தது.

"கமலா! இங்க பாரு!"

கமலவேணி குனிந்து பார்த்தார். "மலை தலைகீழா நிக்குது. இதுக்கா இந்தக் கூத்து?"

"அப்படித்தான் நிக்கணும்!" என்று சொல்லி, குடையோடு சேர்த்து மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்றே கேமராவை ஜீனத்திடம் கொண்டு போனார். ஜீனத் அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்க் கோட்டையைப் பார்த்தார். கீழே வந்தார். லென்ஸைக் கழற்றி, வளையங்களைப் பிரித்து, அவர் உள்ளங்கையில் வைத்தார்.

வரதராஜுலு வளையங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோடு போடலையேம்மா!"

"போடலை."

வரதராஜுலு கண்ணை மூடிக்கொண்டார். வளையத்தைப் பின்பக்கமாகச் சுற்றினார். ஓர் இறக்கம், இன்னொன்று, இன்னொன்று. நின்றார். முன்பக்கமாகத் திருகி, லென்ஸைப் பூட்டிக் கொடுத்தார்.

ஜீனத் கேமராவோடு மறுபடி மொட்டை மாடிக்குப் போனார். இந்த முறை திரும்பிவர நேரமாயிற்று; தாளில் கோட்டை முன்போலவே தெளிவாக விழுந்திருந்தது.

"டீ குடிக்கிறீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் ஓர் இளைஞர் வந்தார். கையில் மூடி போட்ட தகரச் சம்படம். அதற்குள் ஒரு லென்ஸ், துண்டு துண்டாக.

"யார் பிரிச்சது?" என்றார் ஜீனத்.

"நான்தாங்க. வீடியோ பார்த்து..."

"கோடு போட்டீங்களா?"

"என்ன கோடு?"

வரதராஜுலு தலையைக் குனிந்துகொண்டார். ஜீனத் சம்படத்தை மூடித் திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று அவருக்குத் தெரியும்.

ஜீனத் சம்படத்தை மூடினார். மேசையின் மறுபக்கம், வரதராஜுலுவின் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"நீங்க பார்க்க மாட்டீங்களா அக்கா?" என்றார் இளைஞர். "உங்க பேரைச் சொல்லித்தானே அனுப்பினாங்க?"

"எனக்கு இது தெரியாது தம்பி" என்றார் ஜீனத், தெருவுக்கே கேட்கும் குரலில். "நான் இந்தத் தப்பைப் பண்ணினதே இல்லை. சார் பண்ணியிருக்கார்!"