யானை உயரத்துக்கு ஒரு பள்ளிக்கூடம்

முன்னொரு காலத்திலே பாலைக்கோட்டைச் சீமையைச் சித்திரமகுடன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். மனசு நல்ல மனசுதான். ஆனால் நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடந்தாக வேண்டும். காலையில் ஒரு சட்டம் போடுவான், சாப்பிட்டு எழுந்ததும் அதை மாற்றுவான். குடிமக்கள் எந்தச் சட்டத்துக்குப் பயப்படுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் பயந்து வைத்தார்கள்.

அந்தச் சீமையில் ஆற்றுக்கு வடக்கே இருந்த பள்ளிக்கூடங்களைத் தாண்டவநம்பி என்ற பிரபு நிர்வகித்தான். தெற்கே இருந்தவற்றை மந்திரி உலகுடையாள் பார்த்துக்கொண்டாள். அறுவடைக்கு அறுவடை அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து இரு பக்கத்துக்கும் பள்ளி மானியமாக நெல் போகும். சபையில் உலகுடையாள் வாய் திறந்தால் ராஜா காது கொடுத்துக் கேட்பான். அதைக் கண்டாலே நம்பிக்கு வயிறு பற்றி எரியும்.

ஒருநாள் அவன் சபையில் எழுந்தான். "மகாராஜா! ஒரே உறையில் இரண்டு கத்தி எதற்கு? எந்தப் பக்கத்துப் பள்ளி சிறந்ததோ, மானியம் முழுவதும் அதற்கே போகட்டும். மற்ற பக்கத்தை இழுத்து மூடிவிடலாம்."

"பேஷ்! பேஷ்!" என்று துள்ளினான் ராஜா. "வருகிற விஜயதசமிக்கு நானே போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறேன்!"

ராஜா பள்ளி பார்க்கும் லட்சணம் உலகுடையாளுக்குத் தெரியாதா? ஊர்வலம் போனால் யானையை விட்டு இறங்கக்கூடாது என்பது அவன் பாட்டன் காலத்து வழக்கம். பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்று வாய்ப்பாடு சொல்லும். அம்பாரியில் இருந்தபடியே கட்டடத்தை ஒரு பார்வை பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். தெற்கே வந்த நெல்லோ வாத்தியார் சம்பளத்துக்கும் பிள்ளைகளின் கஞ்சிக்குமே சரியாகப் போயிற்று. மிச்சத்தில் எழும்பியது மண்சுவரும் ஓலைக்கூரையும்தான். தோற்றால் அத்தனை பிள்ளைகளும் மறுபடி ஆடு மேய்க்கப் போகவேண்டியதுதான். வடக்கே நடக்கும் கூத்து அரசல்புரசலாக அவள் காதுக்கு எட்டியிருந்தது. வாயால் சொன்னால் பொறாமை என்பார்கள். ராஜாவே கண்ணால் காண வேண்டும்.

விஜயதசமியும் வந்தது. செல்லமகன் குட்டி இளவரசனை மடியில் வைத்துக்கொண்டு ராஜா யானை ஏறினான். முதலில் தெற்கு. பிள்ளைகள் வாய்ப்பாட்டைத் தலைகீழாகவும் ஒப்பித்தார்கள். ராஜா கண்ணுக்கு ஓலைக்கூரைதான் பட்டது.

"என்ன அம்மணி, மாட்டுக்கொட்டகை மாதிரி இருக்கிறதே!"

நம்பி மீசையை முறுக்கிக்கொண்டான்.

அடுத்தது வடக்கு. அடேயப்பா! யானையைவிட உயரமாகச் சுண்ணாம்புச் சுவர், சுவர் நிறைய மயில், நடுவே தேக்குக் கதவு. வாசலில் நின்ற பிள்ளைகள் போட்ட கூச்சலில் யானையே காதை மடக்கியது. ராஜா சொக்கிப்போய்த் தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தான்.

"மகாராஜா, நானே சொல்லிவிடுகிறேன். நான் தோற்றேன்!" என்று முந்திக்கொண்டாள் உலகுடையாள். "இப்பேர்ப்பட்ட பள்ளி இருக்கும்போது நம் இளவரசருக்கு வேறெங்கே எழுத்தறிவிப்பது? விஜயதசமி, நல்ல வேளை. இப்போதே ஆரம்பித்துவிடலாமே!"

"என் பாக்கியம்! என் பள்ளியில் இளவரசர்!" என்று குதித்தான் நம்பி. குதித்து முடித்த பிறகுதான் புத்தி வந்தது. முகம் செத்துப்போயிற்று.

ஏனென்றால் அந்தச் சீமையில் எழுத்தறிவிப்பு என்றால், பெற்ற தகப்பன் வெறுங்காலோடு பள்ளிக்குள் போய், தரையில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்து அரிசியில் எழுதவைக்க வேண்டும். ராஜாவானாலும் அதுதான் முறை.

"பாட்டன் வழக்கத்தைவிட என் பிள்ளை பெரிது. இறக்குங்கள் ஏணியை!" என்றான் ராஜா.

"மகாராஜா, உள்ளே வெள்ளையடிக்கிறார்கள்..."

"அடிக்கட்டும்."

"சாவி வீட்டில்..."

"உடைப்போம்."

"தேள் நடமாட்டம்..."

"ஊர்ப்பிள்ளைகள் தினமும் உட்காரவில்லையா? அவர்களைக் கடிக்காத தேளா என் பிள்ளையைக் கடிக்கும்?" என்று ராஜா ஒரு தள்ளுத் தள்ளினான். கதவு திறந்துகொண்டது.

உள்ளே பள்ளிக்கூடம் இல்லை! எதிரே வெட்டவெளி. சுவர் சாயாமல் பின்னால் மூங்கில் முட்டுக் கொடுத்திருந்தது. ஒரு எருமை நிதானமாக அசைபோட்டுக்கொண்டு ராஜாவை நிமிர்ந்து பார்த்தது. கருவேல மரத்தடியில் கொஞ்சம் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியாரைக் காணோம். சம்பளம் வராததால் அவர் ஏர் உழப் போயிருந்தார்.

"நல்ல... காற்றோட்டம், மகாராஜா" என்று குழறினான் நம்பி.

நெல் போன வழியை யாரும் கேட்கவில்லை. ஆற்றங்கரையில் அவன் கட்டிய மூன்றடுக்கு மாளிகை அங்கிருந்தே தெரிந்தது.

ராஜாவின் கை வாளுக்குப் போனது. "இவன் தலை..."

"தலை வேண்டாம், மகாராஜா. பிள்ளைகள் போதும்" என்றாள் உலகுடையாள்.

"யார் பிள்ளைகள்?"

"நம்பிக்கு இரண்டு பையன்கள், வீட்டுக்கே பண்டிதரை வரவழைத்துப் படிக்கவைக்கிறான். நாளை முதல் இந்த மரத்தடியில் படிக்கட்டும். சபையில் இருக்கும் எல்லாப் பிரபுக்களின் பிள்ளைகளும் அவரவர் ஊர்ப் பள்ளியிலேயே படிக்கட்டும்."

ஊர்வலத்தோடு வந்திருந்த பிரபுக்களுக்கு வியர்த்துக் கொட்டியது. யானைமேல் இருந்தே காலம் தள்ளிவிட்டோமே என்று ராஜாவுக்கே வெட்கமாயிருந்தது. கிரீடத்தைக் கழற்றினான். கருவேல மரத்தடியில், எருமைக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பிள்ளையின் விரலைப் பிடித்துப் புழுதியில் 'அ' என்று எழுதவைத்தான்.

"என் பிள்ளையும் இங்கேதான் படிப்பான். இரு பக்கப் பள்ளிகளும் இனி உன் பொறுப்பு, அம்மா" என்றான்.

அன்று சாயங்காலமே பிரபுக்களின் வீடுகளில் பெண்டாட்டிமார் பிடித்துக்கொண்டார்கள். "கூரையே இல்லையாமே! மழை வந்தால் என் பிள்ளை நனையாதா?" என்று ஒரே ஆர்ப்பாட்டம். பொழுது விடியுமுன் வண்டி வண்டியாக மரமும் ஓடும் புறப்பட்டன. நம்பியே மாளிகையின் மேல்மாடியைப் பிரித்து உத்தரம் கொண்டுவந்தான். ஐப்பசி அடைமழை இறங்கியபோது பாலைக்கோட்டையில் ஒழுகிய பள்ளி ஒன்றுகூட இல்லை.

இத்தனை வருஷமாக நனைந்தவர்களும் பிள்ளைகள்தானே என்று மட்டும் உலகுடையாள் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்களுக்கு அது நன்றாகவே கேட்டிருந்தது.