தாழைத் திறந்தபடி தூங்குவது

நாமக்கல் பக்கம் ஒரு கோழிக்குஞ்சுப் பண்ணை. அங்கே முட்டை அறையின் சூட்டைக் கவனிக்க எலெக்ட்ரீஷியன் செங்கோடன் சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். தாய் புரோகிராம் ஒரு சேய் புரோகிராமைத் தொடங்கிவிட்டுத் தூங்கும். சூடு ஏறினால் சேய் சிக்னல் அனுப்பும். தாய் எழுந்து ஃபேனைப் போடும்.

ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. போன வியாழன் தாய் எழவேயில்லை. நாலாயிரம் முட்டை வீணாயின. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலையை விட்டு நின்றுகொள்ளும்படி முதலாளி சொல்லிவிட்டார்.

செங்கோடனுக்கு சி சொல்லிக்கொடுத்தவள் மலர்க்கொடி. அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அவள் பாடம் நடத்தும் வகுப்பறைக்கு ஓடினார்.

“சேய் சிக்னல் அனுப்பியிருக்குது, அம்மிணி. பதிவு இருக்குது. அப்போ அது எங்கே போச்சு?”

மலர்க்கொடி வகுப்பறைக்கு வெளியே போய் நின்றாள். தான் சேய், அவர் தாய் என்றாள். அவர் ‘போ’ என்று சொல்லிவிட்டு மேசையில் படுத்துத் தூங்க வேண்டும். தோளில் தட்டுவதுதான் சிக்னல். விழித்திருக்கும்போது தட்டினால் தலையாட்டிவிட்டு, விட்ட வேலையைத் தொடர வேண்டும். தூக்கத்தில் தட்டினால் எழுந்து ஃபேனைப் போட வேண்டும்.

“சொந்த மூளை ஆகாதுங்கண்ணா. எழுதினபடிதான்.”

“போ” என்றார் செங்கோடன். கண்ணாடியைக் கழற்றுவதற்குள் அவள் வந்து தட்டிவிட்டாள். அவர் தலையாட்டினார். கண்ணாடியை மடித்து வைத்தார். படுத்தார். படுத்தே கிடந்தார்.

மலர்க்கொடி டீ குடித்து முடித்தாள்.

“எப்போ தட்டுவீங்க, அம்மிணி?”

“தட்டிட்டேனுங்க.”

அவர் நிமிர்ந்தார். வியாழக்கிழமை புரோகிராமைத் தொடங்கும்போதே அறை சூடாக இருந்தது ஞாபகம் வந்தது. சேய் பிறந்ததுமே, தாய் தூங்கும் முன்பே, சிக்னல் அனுப்பியிருக்கும். அப்படியானால் சேயை ஒரு நொடி காத்திருக்கச் சொல்லலாமே என்றார்.

“ஒரு நொடிக்குள்ள நீங்க தூங்கிருவீங்களா?”

செங்கோடன் அந்த யோசனையை விட்டுவிட்டு, கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்தார்.

அடுத்த முறை, ‘போ’ என்பதற்கு முன்பே கதவைத் தாழிட்டார். வந்தவள் வெளியே நின்றாள். சாவகாசமாகக் கண்ணாடியைக் கழற்றி, தாழைத் திறந்து, மேசைப் பக்கம் திரும்பினார். தோளில் தட்டு விழுந்தது. தலையாட்டினார். படுத்தார். படுத்தபடியே சிரித்தார்.

பிறகு வெகுநேரம் யோசித்தார். நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டார். தாழிட்டார். “போ” என்றார். உட்கார்ந்து, தலை சாய்த்து, கண்ணை மூடிய பிறகு கையை மட்டும் நீட்டித் தாழை இழுத்தார்.

இம்முறை தட்டு விழுந்ததும் எழுந்து ஃபேனைப் போட்டார்.

அதையே புரோகிராமில் செய்யும் இரண்டு கட்டளைகளை மலர்க்கொடி காட்டினாள். சேயைத் தொடங்கும் முன் சிக்னலைத் தடுத்து வைக்க ஒரு வரி. தடையை எடுப்பதையும் தூங்குவதையும் பிரியாமல் ஒன்றாகச் செய்ய இன்னொரு வரி. செங்கோடன் இரண்டையும் எழுதிச் சேர்த்தார். ஆனாலும் பயம் விடவில்லை.

“முட்டை அடுக்கறதுக்கு முன்னால எத்தனை தடவை ஓட்டிப் பார்க்கட்டும், அம்மிணி? ஆயிரம்?”

“எத்தனை தடவைங்கிறதை விடுங்கண்ணா. நான் எங்கே புகுந்து தட்ட முடியும்னு பாருங்க.”

செங்கோடன் புரோகிராமை ஓட்டவில்லை. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே விரலை வைத்து, மேலிருந்து படிக்கத் தொடங்கினார்.