நெற்றியில் எழுந்த ரேகை

உப்பளங்கள் சூழ்ந்த பாலைக்குறிச்சியில் மாசிலாமணியார் என்றோர் அடியார் வாழ்ந்தார். சிவன் கோயில் மடப்பள்ளிக்குத் தண்ணீர் சுமப்பது அவர் தொழில். மிச்சப் பொழுதெல்லாம், பழைய சத்திரத்து அறையில் ஊருக்காகத் திறந்து வைத்திருந்த கம்ப்யூட்டர் மையத்தில்தான் இருப்பார். அதற்குக் கூலி கிடையாது. எவரோ கழித்துக் கொடுத்த இரண்டு பெட்டிகளும் ஒரு கைரேகைக் கருவியுமே மையம். விடிந்ததும் தரையைக் கூட்டி, அவற்றுக்குத் திருநீறு பூசி, “இன்னைக்கு யாரா வரப்போற சாமி?” என்று கும்பிட்ட பிறகே சுவிட்சைப் போடுவார்.

“மாசிலாமணி வே, பொட்டிக்குக் காதுகுத்து எப்ப வச்சிருக்கீரு?” என்பார் டீக்கடைச் சங்கரபாண்டி. அடியார் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

அந்தக் கேலிதான் பழியாக முடிந்தது, என் கண்ணுகளா. முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்கள், தாம் உயிரோடிருப்பதைக் காட்டக் கருவியில் பெருவிரல் வைக்க வேண்டும். உப்பு வாரித் தேய்ந்த விரல்கள் அல்லவா? யார் வைத்தாலும் சிவப்பு விளக்கே எரிந்தது. சாம்பலைக் கொட்டிக் கெடுத்துவிட்டான் என்றது ஊர். மையத்தில் அவருக்குக் கூடமாட உதவிய ஊர்ப் பிள்ளைகளும் வராமல் நின்றுவிட்டார்கள். அடியாருக்கே அந்தச் சந்தேகம் முள்ளாய்த் தைத்தது. கருவியைப் பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அதற்கு நீறு பூசுவதையும் விட்டார். விளக்கு மாறவில்லை. சாவியை மறுநாள் ஒப்படைக்கும்படி ஊர்க்கூட்டம் சொல்லிவிட்டது.

விரல் வைக்க அரசாங்கம் கொடுத்த கெடு முடியும் அந்தக் கடைசி நாளில் இசக்கியம்மாள் வந்தார். பிள்ளையில்லாதவர், உதவித்தொகை வந்தால்தான் அவர் அடுப்பு எரியும். இன்று ரேகை விழாவிட்டால் அரசாங்கக் கணக்கில் அவர் இறந்தவர். தண்ணீர் தொட்டு வைத்தார்கள், எண்ணெய் தொட்டு வைத்தார்கள். சிவப்புதான்.

“நான் செத்துட்டேன்னா சொல்லுது? அப்ப இங்க உக்காந்திருக்கது யாருய்யா?” என்று மெல்லக் கேட்டார்.

அடியார் அவர் காலடியில் நெற்றி தரையில் பட விழுந்தார். “எங் கையாலயே ஒங்க சோத்துல மண்ணப் போட்டுட்டேனே ஆச்சி.”

இசக்கியம்மாள் அவரைத் தூக்கி நிறுத்தினார். நெற்றியில் இருந்த நீறு அழிந்துபோயிருந்தது. “வெறும் நெத்தியோட நீரு அழுதா அவனுக்குப் பொறுக்குமா?” என்று மடியிலிருந்த திருநீற்றைப் பெருவிரலில் தொட்டு, அழுத்திப் பூசிவிட்டார். “இந்த வெரல இன்னொருக்க வச்சுப் பாப்பமே.”

ஊர் பழித்த அதே சாம்பல். அடியார் கண்ணை மூடிக்கொண்டார். அடியார் நெற்றியின் வியர்வையும் நீறும் ஆச்சி விரலின் தேய்ந்த வரிகளில் தங்கியிருக்க, அது கருவியில் பதிந்தது. பச்சை விளக்கு எரிந்தது. ‘உயிருடன் உள்ளார்’ என்று திரையில் வந்த எழுத்தை அடியார் வாய்விட்டுப் படித்தார். எழுதப் படிக்கத் தெரியாத இசக்கியம்மாள் மறுபடியும் படிக்கச் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் உப்பளத்துச் சனமெல்லாம் வாசலில் நின்றது. ஒவ்வொருவராக அடியார் நெற்றியில் நீறு பூசி, அந்த விரலையே கருவியில் வைத்தார்கள். தாயைக் கூட்டி வந்த சங்கரபாண்டி மட்டும் தலையை நிமிர்த்தவில்லை. சாவியை யாரும் கேட்கவில்லை.

அந்திப் பூசையில் இறைவன் தோள்மாலை தானாக நழுவி விழுந்தது. குருக்கள் அதைத் தாங்கிக்கொண்டு சத்திரத்துக்கே வந்தார். “ஒமக்குன்னுதான் எறக்கியிருக்கார்” என்று, குடம் சுமந்து தழும்பேறிய தோளில் சாத்தினார்.

ஓர் ஊரே விரல் வைத்து வாழ்த்திய அந்த நெற்றியை நாமும் நினைத்து ஒரு கும்பிடு போடுவோம், கண்ணுகளா.