ஊஞ்சல் பலகையின் எடை

மேகம் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் மலையடி ஊர் அது. அங்கே மரம் அறுக்கும் காரியம்மாள், மிட்டாதார் நஞ்சப்பரின் ஊஞ்சலுக்காகப் பச்சைப் பலாமரத்தை இரண்டு பலகையாக அறுத்தாள். எடை ஆறு மணங்கு. ஈரத்தோடு இணைத்தால் பொருத்து வாய்பிளக்குமே என்று ஒரு வருஷம் நிழலில் உலர்த்தினாள். பலகைகள் தூங்கின. பலா வாசனை மட்டும் கனவுபோல் ஊரைச் சுற்றி வந்தது.

இழைத்து இணைக்கப் போகும்போது மிட்டாதார் நிறுத்துப் பார்த்தார். நாலு மணங்கு!

"களவாணி! ரெண்டு மணங்கு மரத்தை எங்கடி வித்தே? பத்து நாள்ல எடை சரியா வரணும். இல்லேன்னா ஊரை விட்டே ஓடிடு!"

"வந்துடும் சாமி" என்றாள் காரியம்மாள். பலகைகளைக் குளத்தில் அமிழ்த்திக் கல்லை ஏற்றினாள். அல்லிப் பூக்களுக்கு அடியில் அவை மறுபடி தூங்கின.

பத்தாம் நாள் ஊரே கூடியது. தராசு ஆறு மணங்கு காட்டியது. மிட்டாதார் மீசையை முறுக்கினார்.

"பார்த்தீங்களா? ஒரு அதட்டு அதட்டினேன், திருட்டு மரம் திரும்பி வந்துடுச்சு!"

பலகையிலிருந்து சொட்டிய தண்ணீர் மெல்ல ஓடி அவர் செருப்பை நனைத்தது.

"சாமி, அந்த ரெண்டு மணங்கு மறுபடியும் கிளம்பிடுச்சு" என்றாள் காரியம்மாள். "இந்தத் தடவை நீங்களே பிடிச்சு வச்சுக்குங்க."