வேதமுத்துவின் சீட்டு முதல்

தீர்ப்புச் சொல்ல ஆள் கிடைக்காமல் தூத்துக்குடியில் இன்னும் அலைந்துகொண்டிருக்கிற வழக்கு இது. கேட்டுவிட்டு நீங்களாவது ஒரு முடிவு சொல்லுங்கள்.

வேதமுத்துவுக்குப் போக்கர் சீட்டாட்டம்தான் பிழைப்பு. அலுவலகம் போவதுபோல நாள் தவறாமல் மனமகிழ் மன்றத்துக்குப் போய்விடுவார். எதிராளியின் முகத்தைப் பார்த்தே அவன் கையிலிருக்கும் சீட்டைச் சொல்லிவிடக்கூடிய கெட்டிக்காரர். ஆனால் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரனையும் சீட்டு கைவிடும் காலம் உண்டு. அந்தக் காலத்தைத் தாண்டி வரக் கையில் ஆட்டத்துக்கான முதல் பணம் மிஞ்சியிருக்க வேண்டும். வேதமுத்துவுக்கு அது மிஞ்சுவதில்லை. தோற்கத் தோற்கப் பணம் வைத்து ஆடி, ஒருமுறை இருந்ததை எல்லாம் விட்டார்.

அதன் பிறகு தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். வீட்டுக் காசு சீட்டுக்குப் போகக் கூடாது. சீட்டு முதல் வீட்டுக்கு வரக் கூடாது. ஜெயித்ததில் ஒரு பகுதி மட்டுமே குடும்பத்துக்கு. மறுபடி ஜெயித்துச் சேர்த்த முதல் பணத்தை மருந்துக்கடை சற்குணத்திடம் ஒப்படைத்தார். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள்.

"வாரத்துக்கு இருபதுல ஒரு பங்கு மட்டும் கொடு. அதுக்கு மேல நான் அழுதாலும் கொடுக்காத. வேற யாருக்கும் கொடுக்காத."

சற்குணம் மாதா கோயில் வாசலில் வைத்து வாக்குக் கொடுத்தார்.

வருஷம் ஒன்று ஒழுங்காகப் போயிற்று. பிறகு சீட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு நாள் மதியம் வேதமுத்து கடைக்குள் வந்தார். சட்டையெல்லாம் வேர்வை.

"மிச்சம் எல்லாத்தையும் கொடு, சற்குணம்."

"இந்த வாரப் பங்கை வாங்கிட்டியே."

"அது போயிட்டு. மக பிரின்சியோட காலேஜ் பீஸையும் எடுத்து வச்சு ஆடிட்டேன். இன்னைக்குப் பெரிய டேபிள். ஆடத் தெரியாத பணக்காரனுவ ரெண்டு பேரு வந்திருக்கானுவ. சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் எடுத்துருவேன்."

"முடியாது."

வேதமுத்து வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். நடிப்பில்லை, நிஜமான அழுகை. சற்குணம் யாருக்கோ மாத்திரை நறுக்கிக்கொண்டே நின்றார். திரும்பிப் பார்த்தால் கொடுத்துவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் பெஞ்சு காலியாக இருந்தது.

அடுத்து வந்தவள் வேதமுத்துவின் மனைவி ஜெசிந்தா. பின்னால் மகள் பிரின்சி.

"அண்ணாச்சி, அலமாரியில பீஸுக்கு வச்சிருந்த காசைக் காணல. இன்னைக்குக் கட்டலைன்னா நர்சிங் காலேஜ்ல கிடைச்ச இடம் போயிரும். அவுக போனை எடுக்க மாட்டேங்காக. அவுக பணம் உங்ககிட்டதான இருக்கு?"

சற்குணமும் கூப்பிட்டுப் பார்த்தார். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சொந்தக் காசைக் கொடுக்கலாமென்றால், இருந்ததை எல்லாம் அன்று காலைதான் மருந்துச் சரக்குக்குக் கட்டியிருந்தார். பணம் உள்ளறைப் பெட்டியில் இருக்கிறது. கொடுத்தால் வாக்குப் போகும். கொடுக்காவிட்டால் ஒரு பெண்ணின் படிப்புப் போகும்.

கடைசியில் கடையை அடைத்தார். தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போய், பீஸை மட்டும் கட்டினார். மீதியைப் பழையபடி பெட்டியில் வைத்தார். பாதிதான் மிஞ்சியது.

சாயங்காலம் வேதமுத்து வந்தார். ஜெசிந்தாவும் கூட வந்திருந்தாள்.

"நான் அழுதப்ப மனசு இரங்கல. எனக்குத் தெரியாம இவளுக்குக் கொடுத்திருக்க," என்றார். "அது என் தொழில் முதல். கரைஞ்சு போச்சுன்னா வீட்டுல அடுப்பு எப்படி எரியும்? நீ எனக்குக் காவலா, இவளுக்குக் காவலா?"

"காவல் வேணும்னு கேட்டது நீங்க," என்றாள் ஜெசிந்தா. "அலமாரிக்கு யாரு காவல்?"

சற்குணம் பெட்டிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். வேதமுத்து அதைத் தொடவும் இல்லை, நீயே வைத்துக்கொள் என்று சொல்லவும் இல்லை.

சொல்லுங்கள்: கணவன் அழுதும் கொடுக்காத சற்குணம், மனைவி கேட்டதும் கொடுத்தாரே, அது வாக்குத் தவறியதா? மூவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: வேதமுத்து போட்ட சட்டம் இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தும். வீட்டுக் காசை எடுத்துச் சீட்டில் வைத்தபோதே அவர் அதை மீறிவிட்டார். அந்த நிமிஷமே சீட்டு முதல் வீட்டுக்குக் கடன்பட்டுவிட்டது. ஜெசிந்தா வாங்கியது தன் வீட்டுப் பணத்தை. சற்குணம் சொல்லை மீறினார், சட்டத்தைக் காப்பாற்றினார். முதல் கரைந்தது கல்லூரியில் இல்லை, அதற்கு முன்பே சீட்டு மேசையில். ஆனாலும் வேதமுத்துவின் பயத்தைப் பொய் என்று சொல்ல முடியாது. முதல் குறைந்தால் ஆட்டமும் குறைய வேண்டும். அது அவருக்குப் பெரிய அவமானம். மறுவாரம் அவர் கடைக்கு வந்து, மிச்சத்தில் இருபதில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு, அதுவரை ஏறெடுத்தும் பாராத சின்னப் பந்தய மேசையில் போய் உட்கார்ந்தார். இன்றும் வாரம் தவறாமல் வந்து வாங்கிப்போகிறார். சற்குணத்தோடு பேச்சு மட்டும் இல்லை.