புழு அடித்த கூரை

பவளம்மாவின் மண்புழுத் தொட்டியில் ஒரு புழுவும் இல்லை.

மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போனவள், தொட்டியைக் காவல்காரன் சூசையிடம் விட்டுப் போயிருந்தாள். மலை ஊரான கேத்தியில் உறைபனி கொட்டுகிற மாதம். அவனுக்கு ஒரே வேலை, மேலே மூடிய வைக்கோல் விலகாமல் பார்ப்பது. திரும்பி வந்தால் வைக்கோலும் இல்லை, புழுவும் இல்லை. அந்தப் புழுக்கள் தரும் உரத்தை நம்பித்தான் கேரட் போட இருந்தாள்.

"புழு எங்கடா? வரலைன்னா உனக்கு இங்க வேலை கிடையாது."

பக்கத்துத் தோட்டத்துக் கிட்டான் கேரட் கழுவுவதை விட்டுவிட்டு வந்து நின்றான். கேட்க ஆள் சேர்ந்ததும் சூசைக்குத் தெம்பு வந்துவிட்டது.

"பனியா அக்கா அது? பால்காரர் ஊத்தின பால் சொம்புக்கு வந்து சேரலை. பாதியிலேயே கம்பியா நின்னுச்சு. ஒடிச்சுத்தான் வாங்கினேன்."

"பால் கிடக்கட்டும். புழு?"

"விறைச்சு ஆணியாயிருச்சு. என் கூரைத் தகடு காத்துல ஆடுச்சா, நாலு புழுவை எடுத்து அடிச்சேன். நச்சுனு இறங்குச்சு."

"வெயில் வந்ததும்?" என்றான் கிட்டான்.

"நெளிஞ்சுது. கூரையோட நெளிஞ்சுது. ஊர்ந்து ஊர்ந்து குன்னூர் ரோடு வரைக்கும் போயிருச்சு. பஸ்ஸை எல்லாம் நான்தான் கைகாட்டி ஒதுக்கினேன்."

"கூரை உன் குடிசை மேலதானே இருக்கு?"

"திருப்பி ஓட்டிட்டு வந்தேன்ல."

"மிச்சப் புழு?" என்றாள் பவளம்மா.

"குளிர் தாங்கலைன்னு அழுதுச்சுங்க. உள்ளே சூடா இருக்கும், இறங்குங்கடான்னேன். இப்ப பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கும். நான் கூப்பிட்டா வரும்."

பவளம்மா கடப்பாரையை எடுத்தாள். தொட்டிக்கு அடியில் சிமெண்ட் பூச விடாதவள் அவள்; அடி வெறும் மண்தான். முழங்கை ஆழம் தோண்டினாள். புழுக்கள் ஒன்றோடொன்று பின்னி உருண்டையாகக் கிடந்தன. உயிர் இருந்தது.

"சொன்னேன்ல?" என்றான் சூசை.

"கூப்பிடு."

குழிக்குள் குனிந்து கூப்பிட்டான். அதட்டினான். கொஞ்சினான். ஒன்றும் அசையவில்லை.

அவள் கடப்பாரையைப் போட்டுவிட்டு அவன் குடிசைக்குள் போனாள். புது மெத்தை ஒன்று புடைத்துக் கிடந்தது. கிழித்தாள். உள்ளே அவள் வைக்கோல்.

குழியை மூடி, வெதுவெதுப்பாகச் சாணம் கரைத்து ஊற்றி, வைக்கோலைப் பரப்பினாள். சூசை வெறுந்தரையில் படுத்தான்.

சில நாள் கழித்து வைக்கோலை விலக்கிப் பார்த்தார்கள். தொட்டி முழுக்க நெளிந்தது.

"தூரம் அதிகம்ல. நான் கூப்பிட்டது இப்பத்தான் போய்ச் சேர்ந்திருக்கு" என்றான் சூசை.

கிட்டான் கேரட் கழுவத் திரும்பினான்.

"கூப்பிட்டது நீதான். வர வச்சது பவளக்கா."