பன்னிரண்டு வட்டி கேட்ட கோதண்டம்

ஆமைப்பள்ளத்தில் மூளைக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. யாராவது செலவழித்தால்தானே?

அங்கே டீக்கடை வைத்திருந்த கோதண்டத்துக்கு ஒரே மகள், பூங்காவனம். ஐப்பசியில் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். இருந்த குடிசையிலோ, வெளியே மழை விட்டாலும் உள்ளே விடாது. அவள் வருவதற்குள் ஒரு வீடு கட்டிவிட வேண்டுமென்று தம்பிகள் நாகப்பனையும் ஏகாம்பரத்தையும் கூட்டிக்கொண்டு பாங்குக்குப் போனார்.

"வட்டி எட்டு பர்சென்ட். கட்டுற வட்டிக்கு வருமான வரியில சலுகை உண்டு," என்றார் மேனேஜரம்மா.

மூவரும் வாசல் வேப்பமரத்தடியில் கூடிப் பேசினார்கள்.

"வட்டிக்குத்தானே சலுகை? அப்போ வட்டி ஏற ஏற சலுகையும் ஏறுமில்ல?" என்றான் நாகப்பன்.

"எட்டு எந்த மூலைக்குண்ணே?" என்றான் ஏகாம்பரம்.

கோதண்டம் உள்ளே போய்ப் பேரத்தைத் தொடங்கினார். "பன்னெண்டாப் போட்டுக் குடுங்கம்மா. பிள்ளைத்தாச்சிப் பொண்ணு வருது."

"எட்டுக்கு மேல போட எனக்கு அதிகாரமில்லைங்க."

பத்துக்கு இறங்கிப் பார்த்தார். அந்தம்மா மசியவில்லை. கல்நெஞ்சம் என்று புலம்பிக்கொண்டே எட்டுக்குக் கையெழுத்துப் போட்டார்.

ஆனியில் வீடு எழும்பிவிட்டது. சலுகையை வாங்கிவர ஒரு கோணிப்பையோடு வரி ஆபீசுக்குப் போனார்கள்.

"உங்க வருமானத்துக்கு வரியே கிடையாதே. எதுல கழிக்கிறது?" என்றார் குமாஸ்தா.

"அப்போ வரி போடுங்க."

"வருமானம் ஏறினாத்தான் போட முடியும்."

"ஊருக்கெல்லாம் போடுறீங்க," என்றார் கோதண்டம், கண் கலங்க. "ஏழைன்னா இளக்காரம்."

திரும்பும் வழியில் ஏகாம்பரம் யோசனை சொன்னான். "புது வீட்டை வாடகைக்கு விட்டா வருமானம் ஏறுமேண்ணே."

"கண்டவனுக்கு விட்டா சுவரெல்லாம் ஆணி அடிப்பான்," என்றான் நாகப்பன். "நம்பிக்கையான ஆளா வேணும்."

"அண்ணனை விட நம்பிக்கையான ஆள் யாரு?"

அப்படியாக, கோதண்டம் தன் வீட்டுக்குத் தானே குடிவந்தார். இரண்டு பை வைத்த சட்டை தைத்துக்கொண்டார். மாதம் பிறந்தால் வலது பையிலிருந்து வாடகை எடுத்து இடது பையில் கொடுப்பார்.

ஆடியில் பாங்கிலிருந்து கடிதாசு வந்தது. வட்டி ஏழாகக் குறைந்துவிட்டதாம். அன்றைக்கு அந்த வீட்டில் உலை ஏறவில்லை.

"சலுகையும் குறைஞ்சிடுமேடா."

"வாடகையை ரெண்டு மடங்காக்கு. ஈடு கட்டிடலாம்," என்றான் ஏகாம்பரம்.

வலது பைக்கு அது தாங்கவில்லை. ஆவணி பாக்கி, புரட்டாசியும் பாக்கி. இடது பைக்குக் கோபம் வந்துவிட்டது.

"குடியிருக்கிறவரு தங்கமான மனுஷன்தான்," என்றான் நாகப்பன். "ஆனா வாடகைன்னு வந்துட்டா முகம் பாக்கக் கூடாதுண்ணே."

கோதண்டம் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, கோதண்டத்தின் சட்டி பானைகளைத் தெருவில் எடுத்து வைத்தார். கதவைப் பூட்டி, சாவியை இடது பையில் போட்டுக்கொண்டார்.

ஐப்பசி முதல் தூறலில் ஆட்டோவிலிருந்து நிறைமாசமாக இறங்கினாள் பூங்காவனம். பூட்டிய புது வீடு. எதிரே, அடுக்கிய பானைகளுக்கு நடுவில் அப்பா நனைந்துகொண்டிருந்தார்.

"என்னப்பா இது? வீடு கட்டியாச்சுன்னு சொன்னீங்களே?"

கோதண்டம் இடது பைக்குக் கேட்டுவிடாதபடி அதைக் கையால் பொத்திக்கொண்டார்.

"வீடு நல்ல வீடுதான், அம்மாடி," என்றார் மெதுவாக. "ஓனர்தான் ஈவிரக்கம் இல்லாதவன்."